மஃரிபு நேரத்துப் பாட்டு வகுப்பு

காலிதீனுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தது ஒரு வானொலிப் பெட்டி. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். கல்முனையே ஒரு காலத்தில் சிரித்ததுதான், உங்களுக்கு மட்டும் என்ன தடை.

பெட்டியும் அவனுடையதல்ல. பெரிய தெருவில் புடவைக்கடை வைத்திருந்த ஸைனுலாப்தீன் முதலாளியுடையது. கொழும்பிலிருந்து அதை வாங்கிவந்து, பெரிய பற்றரி ஒன்றும் பூட்டி, கடைக்குள் உயரமான தட்டில் ஏற்றி வைத்தார். அதே கடையின் முகப்பில் தையல் மெசின் போட்டிருந்தவன் காலிதீன். எஸ்.எஸ்.ஸி. வரை படித்து நன்றாகவே பாஸ் பண்ணியவன். வாப்பா திடீரென்று மௌத்தாகிப் போக, புத்தகத்தை வைத்துவிட்டு மெசினில் வந்து குந்தினான். புடவை வாங்குகிறவர்கள் அவனிடமே அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். பெட்டியின் திருகுகளைச் சரியாகத் திருப்பத் தெரிந்தவனும் அந்தக் கடையில் அவன் ஒருவன்தான். முதலாளி கை வைத்தால் அது பூனைச்சண்டை போடும்.

வாரத்தில் ஒரு நாள், பொழுது படுகிற நேரம், இந்தியாவிலிருந்து முக்கால் மணி நேரம் பாட்டு வகுப்பு ஒலிபரப்பானது. ஒரு நாளைக்கு ஒரு கீர்த்தனை. யாரோ ஓர் அம்மா பொறுமையாக வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார். முதலில் அதைத் தற்செயலாகத்தான் கேட்டான். பிறகு அந்த நாளுக்காகவே மற்ற ஆறு நாளையும் தள்ளினான். நடுவில் பெரிய பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொல்லும் சத்தம் கேட்கும். கேட்டதும் காலிதீன் எழுந்து பெட்டியை நிறுத்துவான். முதலாளியும் அவனும் போய் மஃரிபு தொழுதுவிட்டு வருவார்கள், திரும்பப் பெட்டியைப் போடுவான், மிச்சத்தைக் கேட்பான். முடிகிற நேரம் பார்த்து முதலாளி, "செய்திக்குத் திருப்பு மகன்" என்பார், அதையும் செய்வான். நிறுத்து என்று அவனுக்கு யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கை தானாகவே எழும்பும். வாங்கு சொல்கையில் பேச்சைக்கூட நிறுத்துகிற ஊரில் பெட்டி மட்டும் கத்திக்கொண்டிருக்குமா என்ன.

இப்படி மூன்று வருடம். முப்பது, நாற்பது கீர்த்தனை அவனுக்குப் பாடமானது.

ஊரில் எதிர்ப்பு இருந்ததா என்று கேட்பீர்கள். அப்படி எழுதினால் கதை சூடாக இருக்கும்தான், ஆனால் இல்லை. ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை, ஒருவரும் அவனைக் கேட்கவுமில்லை. "என்ன காலிதீன், நேத்தும் சரிகமவா?" என்று ஒரு பகிடி விட்டுவிட்டுச் சட்டைக்கு எத்தனை பொத்தான் என்ற கதைக்குப் போய்விடுவார்கள். எதிர்த்து நாலு பேர் சண்டைக்கு வந்திருந்தாலாவது, பாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசியதாக இருந்திருக்கும். அவனுக்கு அந்தத் துணைகூடக் கிடைக்கவில்லை.

வீடும் அப்படித்தான். உம்மா இருந்தவரைக்கும் அது உம்மா வீடு. நம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. உம்மா போன பிறகு அது ராத்தா சுபைறாவின் வீடு. அக்காதான், அன்பானவள்தான், மச்சானும் தங்கமான மனுசன்தான். என்றாலும் அக்கா வீட்டு முன் அறையில் பாய் போட்டுப் படுக்கிற தம்பி, விடிய எழும்பி ஆலாபனை பண்ணுவானா? பிள்ளைகள் எழும்பிவிடும். அதனால் சுபஹு தொழுதுவிட்டு, வெள்ளாப்பில் தோணாக்கரைக்கு நடப்பான். அங்கே நாணலும் தண்ணீரும்தான். அந்தப் பக்கம் யாராவது தூண்டில் போட வந்தால் வாயை மூடிக்கொள்வான். தன் குரல் நல்லதா கெட்டதா என்று அவனுக்கே தெரியாது. சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

கடலுக்கு அந்தப் பக்கத்தில், ஒரு சர்வகலாசாலையில் சங்கீதத்துக்கென்றே பட்டம் கொடுக்கிறார்கள் என்பதை அவன் ஒரு கொலர் வெட்டும்போது கண்டுபிடித்தான். தையல்காரர் பழைய பேப்பரில்தான் மாதிரி வெட்டுவது. கத்தரிக்கோலை வைக்கப்போன இடத்தில் அறிவித்தல் இருந்தது. அன்று அந்தக் கொலர் வெட்டப்படவில்லை. நாலு வருடம், காலையும் மாலையும் பாட்டு, பாடுகிறவர்களே நிறைந்த ஒரு விடுதி! அவனுக்குப் பட்டம்கூடப் பெரிதாகப் படவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவனும் பாடுவான் என்பதை நினைத்து, அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

விண்ணப்பம் எழுதினான். பதிலும் வந்தது. படிப்புத் தகுதி போதும். ஆனால் நேரில் வரச் சொல்லுமுன், அங்கே படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் அவன் பாடுவதைக் கேட்டு, குரல் தேறும் என்று எழுதித் தர வேண்டும். அப்படி ஒருவர் இந்தக் கரையில் இருந்தார். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் புண்ணியமூர்த்தி வாத்தியார். மட்டக்களப்பில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர், சித்திரை லீவுக்கு ஊருக்கு வருவார். காலிதீன் ஆள் அனுப்பிக் கேட்க, தாராளமாக வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருக்க முடியாத நிலைமை. இறக்காமத்தில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தது. நல்ல இடம், குளத்தடியில் வயலும் வீடும். சர்வகலாசாலை எடுத்தால் நாலு வருடம் காத்திருக்கிறோம், எடுக்காவிட்டால் நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று பெண் வீட்டார் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள். மாமனாராகப் போகிறவர், அங்கே யானை விரட்டுவதற்கும் நல்ல குரல் தேவைதானே என்று சிரித்தாராம். மாப்பிள்ளையாகப் போய்ப் பெண் வீட்டில் குந்தியவன் விடியற்காலையில் மோகனம் பாட ஏலுமா? அந்த வயலடியில் வானொலிப் பெட்டியும் இல்லை. இந்த லீவு தவறினால் எல்லாம் தவறியதுதான். அவனுக்கும் அது தெரியும், கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

வாத்தியாரிடம் போவதற்கு முதல் நாள் ஸைனுலாப்தீன் முதலாளி தன் கையாலேயே ஒரு புது வெள்ளைத் துணி வெட்டிக் கொடுத்தார். காலிதீன் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு காலையில் பாண்டிருப்புக்கு நடந்தான்.

வாத்தியார் நாற்பது வயதுக்காரர், மெலிந்தவர், அதிகம் கதைக்காதவர். தேநீர் கொடுத்தார். பாய் விரித்து, சுருதிப் பெட்டியை எடுத்து மெல்ல அமுக்கினார். காலிதீன் அதுவரை சுருதியோடு பாடியதில்லை. எந்த நாளும் தனியாகப் பாடியவனுக்குப் பக்கத்தில் இன்னோர் ஓசை வந்து நின்றது. அவனுக்கு அழுகை வரப் பார்த்தது. அதை விழுங்கிக்கொண்டு மோகனத்தில் ஒரு கீர்த்தனையைத் தொடங்கினான்.

பாடி முடித்ததும் வாத்தியார் தலையாட்டினார். இன்னொன்று பாடச் சொன்னார். கல்யாணி பாடினான். வாத்தியாரின் நெற்றி சுருங்கியது. மூன்றாவதும் பாடினான். வாத்தியார் சுருதிப் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"தம்பி, சுருதி சுத்தம், தாளம் சுத்தம். எனக்கு ஒண்டு மட்டும் விளங்கல்ல. மூண்டு பாட்டிலயும் அனுபல்லவி எங்க?"

"அதென்ன சேர்?"

பகிடி விடுகிறான் என்றுதான் வாத்தியார் முதலில் நினைத்தார். முகத்தைப் பார்த்ததும் அப்படியில்லை என்று தெரிந்துகொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: கீர்த்தனைக்கு மூன்று பகுதி. பல்லவியில் தொடங்கும், அனுபல்லவியில் குரல் மேலே ஏறும், சரணத்தில் விரிந்து திரும்பி வரும். சொல்லிவிட்டு, அவன் பாடிய மோகனத்தில் அவன் விட்ட அந்த இரண்டு வரியைப் பாடிக் காட்டினார். மெலிந்த அந்த மனுசனின் குரல் பல்லவியை விட்டு எழும்பி, மேல் ஸட்ஜத்தில் போய் நின்று, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கியது.

காலிதீனுக்கு வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோசம். மூன்று வருடமாகத் தினம் பாடிய பாட்டுக்குள் இப்படியோர் இடம் இருந்திருக்கிறதே! அதற்குப் பிறகு, அது தனக்கு எப்படித் தவறியது என்று யோசித்தான். பல்லவி முடிகிற நேரம், வாங்கு. தொழுதுவிட்டு வந்து போட்டால், 'இனிச் சரணம்' என்பார் அந்த அம்மா. எல்லா வாரமும் அப்படியே. முழுப்பாட்டையும் சேர்த்துப் பாடிக் காட்டுகிற கடைசி நேரத்தில் முதலாளிக்குச் செய்தி. அவனுக்கு ஒரேயடியாக விளங்கிவிட்டது. அப்படியே வாத்தியாரிடம் சொன்னான்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடக்கிக்கொண்டார். வாங்கு நேரம் பெட்டியை யார் நிறுத்துவது என்று கேட்டார். நான்தான் என்றான் காலிதீன்.

வாத்தியார் நல்ல மனுசன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சரி எழும்பு என்று அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. விட்ட வரிகளை அங்கே போய்ப் படிக்கலாம், அதற்குத்தானே சர்வகலாசாலை என்றார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: குரல் மேலே போகுமா? காலிதீனோ மூன்று வருடமாகப் பல்லவியிலும் சரணத்திலும் மட்டுமே உலாவியவன். மேல் ஸட்ஜத்தைப் பிடிக்கச் சொன்னார். பிடிக்கப் போனான். மிதிபட்ட கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தரம் போனான். அதே சத்தம். தானாகப் படி கட்டி ஏறிப் பழகாதவனுக்கு, ஏறு என்றால் எங்கே கால் வைப்பது?

உள்ளேயிருந்து வாத்தியாரின் தங்கை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். காலிதீன் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் சுருதிப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு முகம் தெளிந்து, உண்மையாகவே உதவுகிற ஆசையோடு சொன்னார்:

"நான் பாண்டிருப்பில பிறந்தவன் தம்பி. உங்கட சாலிஹ் மோதினார் வாங்கு சொல்லுறத சின்னனில இருந்து கேக்கிறன். அவர் ரெண்டாந்தரம் மேல போற இடமொண்டு இருக்கு, என்ன லேசாப் போவார்! மூண்டு வருசமா அந்த நேரத்தில உங்கட காதில விழுந்தது அதுதானே. அந்த மாதிரி ஒருக்காப் போய்க் காட்டுங்க. சொல்லு வேணாம். வெறும் குரல் போதும்."

காலிதீன் நிமிர்ந்தான்.

அவனால் முடியும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். பத்துப் பதினொரு வயதில், சாலிஹ் மோதினார் காய்ச்சலில் கிடந்த நாட்களில், அவர் அப்போது இருந்த தெருவோரத்துச் சின்னப் பள்ளியில் அவன்தான் வாங்கு சொன்னவன். குரல் எந்தக் கஷ்டமும் இல்லாமல் உயரப் போய் நிற்கும். உம்மா அடுப்பை விட்டு வந்து வேலியோரம் நின்று, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, முடியும்வரை கேட்பாள். அவன் குரலை ஒரு மனுசி நின்று கேட்டது அவன் வாழ்க்கையில் அப்போது மட்டும்தான். வாயைத் திறந்தால் போதும், அந்த இடம் இப்போதும் அவன் தொண்டையில் இருந்தது. சொல்லில்லாமல், வெறும் குரல். வாத்தியார் கையெழுத்து வைப்பார், கப்பல் ஏறலாம், பக்கத்துப் பாயிலும் பாட்டுக்காரன்.

வாயைத் திறந்தான். மூடினான்.

"ஏலா சேர்."

"தெரியாதா தம்பி? இல்ல, செய்ய மாட்டீங்களா?"

"தெரியும் சேர். மாட்டன். அது பாட்டில்ல."

தான் வாங்கைக் குறைவாக நினைத்துக் கேட்கவில்லை என்று வாத்தியார் சங்கடப்பட்டுச் சொன்னார். அது தனக்குத் தெரியும் என்று காலிதீனும் சொன்னான். காதால் கேளாத குரலுக்குச் சாட்சி எழுத வாத்தியாரால் முடியாது. எழுதினால் அவர் வாத்தியாரில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். அனுபல்லவியைப் பழகிக்கொண்டு அடுத்த வருடம் வாருங்கள் என்றார். காலிதீன் தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

வழி நெடுக அவனுக்கு ஒரே யோசனை, கடையில் என்ன சொல்வது? பாட்டின் நடுப்பகுதி தெரியவில்லை என்றால் அந்த ஊரில் யாருக்கு விளங்கும்! வாங்கு மாதிரிப் போய்க் காட்டச் சொன்னார் என்று சொன்னாலோ, பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அது வேறு கதையாகிவிடும். பாண்டிருப்பான் நம் வாங்கைப் பாட்டாகப் பாடச் சொன்னானாம் என்று நாலு பேர் கிளம்பினால், அந்த நல்ல மனுசனுக்கு எத்தனை தலையிடி. இரண்டையும் சொல்ல ஏலாது. மூன்றாவதாக ஒன்று வேண்டும்.

கடையில் முதலாளி, அளவு கொடுக்க வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் காத்திருந்தார்கள். எங்கட பொடியன் சர்வகலாசாலைக்குப் போகிறான் என்று காலையிலிருந்து முதலாளி வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். காலிதீன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, சன்னமான குரலில் சொன்னான்:

"தொண்ட கட்டிட்டு முதலாளி. பாட வரல்ல."

அட அல்லாஹ், இந்த நாளிலா என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். உண்மையான கவலை அது. அன்று பின்னேரமே கவனிப்புத் தொடங்கியது. முதலாளி வீட்டிலிருந்து மிளகு ரசம் வந்தது. ராத்தா சுபைறா காலையும் மாலையும் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து, குடித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். இறக்காமத்திலிருந்து ஒரு போத்தல் காட்டுத்தேன் வந்தது. மூன்று வருடமாக அவன் பாட்டை ஒரு வரி கேளாத ஊர், அவன் தொண்டையைப் பார்க்க வரிசையில் வந்தது. ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டாமா? காலிதீன் கிசுகிசுத்த குரலிலேயே கதைத்தான். தோணாக்கரைக்குப் போவதையும் நிறுத்தினான். தொண்டை கட்டியவன் பாடுகிறான் என்று யாராவது கேட்டுவிட்டால்? லீவு முடிந்து வாத்தியார் மட்டக்களப்புக்குப் போய்விட, நிக்காஹுக்கு நாள் குறித்தார்கள். பாட்டு வகுப்பு நாள் வந்தபோது, தலைவலி என்று சொல்லி ராத்தா வீட்டிலேயே இருந்துவிட்டான்.

நோன்புக்குச் சில நாட்கள் இருக்க, ஒரு பகல் நேரத்தில், சாலிஹ் மோதினார் கடைக்கு வந்தார். தைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. மெசினுக்கு முன்னால் கிடந்த பலகையில் குந்தி, காலிதீனின் கழுத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். தனக்கும் இந்தத் தொண்டை வருத்தம் எத்தனையோ தரம் வந்ததாகவும், குரலைப் பாரமில்லாமல் வைத்தால் தானாக மாறும் என்றும் சொன்னார். பிறகு நிந்தவூரில் இருக்கிற மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது, நோன்பின் முதல் பத்து நாளும் தான் ஊரில் இருக்கப்போவதில்லை என்றார்.

"உன்னத்தான் மகன் வாங்கு சொல்ல விட நினச்சிருந்தன். சின்னப் பள்ளியில நீ சொன்ன குரல் இன்னும் என்ட காதில கிடக்கு. நான் பாயில கிடந்து கேட்டுட்டு அழுதிருக்கன், உனக்குத் தெரியாது. இப்ப இந்தத் தொண்டையோட உன்ன வருத்தப்படுத்த ஏலுமா? வேற ஆளுக்குச் சொல்லிட்டன். குறை நினைக்காத."

உம்மா மட்டுமல்ல, இன்னொருவரும் கேட்டிருக்கிறார். இத்தனை வருடமாக இதே தெருவில், இதே ஊரில், அவனுடைய குரலைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு மனுசன் நடமாடியிருக்கிறார். எனக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை மாமா என்று ஒரு வார்த்தை, உரத்த குரலில் சொன்னால் போதும். அப்போது அடுத்த கேள்வி வரும்: அப்படியென்றால் பாண்டிருப்பில் ஏன் பாடவில்லை? முதலாளி கல்லாப்பெட்டியடியில் இருந்து இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அளவு கொடுக்க வந்த இரண்டு பேரும் நின்றார்கள்.

"பரவாயில்ல மாமா" என்றான் காலிதீன், சத்தம் வராமல்.

கதைக்காதே, கதைக்காதே, தொண்டைக்குக் கூடாது என்று மோதினார் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.